கருவின் தொடக்க வளர்ச்சிக்கு இன்றியமையாத மரபணுக்கள்: சுண்டெலி ஆய்வுகள் உணர்த்துபவை

முதல் மூன்று மாதங்களுக்குள் கருவை இழந்த பெண்கள் பலர், தாம் செய்த ஏதோ ஒரு தவறே அதற்குக் காரணம் எனக் கருதி வருந்துகின்றனர். கரு வளரும் முறையை அறிந்தால், இவ்வருத்தம் பெரும்பாலும் தேவையற்றது என்பது விளங்கும்.

சுண்டெலியில் ஆராய்வது ஏன்?

மனித மரபணுக்களில் பெரும்பாலானவற்றுக்கு இணையானவை சுண்டெலியிலும் உள்ளன. அதன் கர்ப்ப காலம் ஏறத்தாழ 20 நாட்களே. ஒரு மரபணுவை மட்டும் செயலிழக்கச் செய்து, கருவின் வளர்ச்சி எந்நிலையில் தடைப்படுகிறது என அறியலாம். இம்முறைக்கு வழிவகுத்த மூவருக்கு 2007-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

அறியப்பட்டவை

• ஆக்ட்4: குட்டியாக வளரவேண்டிய உள் உயிரணுத் தொகுதிக்கு இன்றியமையாதது.
• சிடிஎக்ஸ்2: நஞ்சுக்கொடியை உருவாக்கும் புற அடுக்குக்குத் தேவை. இது இல்லையெனில் கரு கருப்பையில் பதியாது.
• பிராக்கியூரி: 1927-இல் குட்டைவால் சுண்டெலிகளில் அறியப்பட்டது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒவ்வொரு பிரதி வருகிறது. ஒரு பிரதி பழுதானால் வால் மட்டும் குட்டையாகும். இரண்டும் பழுதானால் கரு ஏறத்தாழ 10-ஆம் நாளில் இறந்துவிடும்.

இத்தகைய பழுது நேர்ந்தபின், தாய் எவ்வளவு கவனமாக இருந்தாலும் கருவைக் காக்க இயலாது.

உங்களுக்கு இது கூறுவது

மனிதக் கரு எல்லா வகையிலும் சுண்டெலிக் கருவை ஒத்ததன்று. எனினும் அடிப்படை உண்மை ஒன்றே. தொடக்கக் கால கருச்சிதைவுகளில் ஏறத்தாழ பாதிக்குக் காரணம் குரோமோசோம் பிழைகளே. அவற்றுள் பெரும்பாலானவை தற்செயலாக நேர்பவை. வழக்கமான வீட்டு வேலையோ பேருந்துப் பயணமோ அவற்றை உண்டாக்குவதில்லை.

நெருங்கிய இரத்த உறவில் மணந்தோரிடம் ஒரே பழுதான பிரதி இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு கூடுதல். அத்தகையோரும், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட முறை கருவை இழந்தோரும் மகப்பேறு மருத்துவரை அணுகி, மரபியல் ஆலோசனை பெறுதல் நன்று.

கருத்தரிக்கத் திட்டமிடும்போதே ஃபோலிக் அமில மாத்திரையை மருத்துவர் அறிவுரைப்படி தொடங்குங்கள். இது குழந்தையின் மூளை, தண்டுவடக் குறைபாடுகளைத் தடுக்க உதவும். கர்ப்ப காலத்தில் இரத்தப்போக்கோ கடும் வயிற்றுவலியோ ஏற்பட்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

குடும்பத்தினரின் கவனத்திற்கு: கருவை இழந்த பெண்ணைக் குறை கூறாதீர்கள். ஓய்வும் ஆறுதலும் அளியுங்கள். பெரும்பாலானோர் அடுத்த முறை நலமான குழந்தையைப் பெறுகின்றனர்.