சில்வர் கோஸ்ட்டும் கெடாவின் பால்மரமும்

கெடாவின் தென்பகுதியிலுள்ள சுங்கைப் பட்டாணியின் வரலாற்றை மோட்டார் காரின் வரலாற்றோடு சேர்த்தே எழுத வேண்டும். 1909-ஆம் ஆண்டு பாங்காக்கில் கையெழுத்தான உடன்படிக்கையால் சயாம் தேசம் கெடாவின் மீதிருந்த மேலுரிமையைப் பிரிட்டனுக்கு விட்டுக்கொடுத்தபோது, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கார்கள் பெருகி இரப்பருக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டிருந்தது. மறு ஆண்டே லண்டன் சந்தையில் ஒரு ராத்தல் இரப்பர் 12 ஷில்லிங்கைத் தாண்டி விற்றது. அந்த விலையேற்றத்தின் வேகத்தில், கங்காணிகள் தமிழகத்திலிருந்து ஆள்கட்டிக் கொண்டுவந்த குடும்பங்களின் உழைப்பால், சுங்கைப் பட்டாணியையும் பீடோங்கையும் சுற்றியிருந்த காடுகள் கித்தாத் தோட்டங்களாயின. மரப்பாலைக் குறிக்கும் ‘கெத்தா’ என்ற மலாய்ச் சொல்லே தோட்டத் தமிழர் வாயில் ‘கித்தா’ ஆயிற்று.

அக்காலத்துச் சொகுசுக் கார்களில் முதன்மையானது ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தின் ‘40/50 குதிரைத்திறன்’ வண்டி. பொறியாளர் ஹென்றி ராய்ஸும் கார் வணிகர் சார்லஸ் ரோல்ஸும் 1904 மே மாதம் மான்செஸ்டரில் சந்தித்ததன் பயனாய்ப் பிறந்த இந்நிறுவனம், 1907-ல் அவ்வகை வண்டிகளில் ஒன்றுக்கு வெள்ளி நிறம் பூசி ‘சில்வர் கோஸ்ட்’ என்று பெயரிட்டது. பின்னர் அப்பெயர் அந்த வகை முழுவதற்கும் வழங்கலாயிற்று. மும்மூன்றாக இரு தொகுதிகளில் வார்க்கப்பட்ட ஆறு சிலிண்டர்களும், ஏழு தாங்கிகளில் சுழலும் கனத்த வளைதண்டும் (பிஸ்டன்களின் மேல்கீழ் அசைவைச் சுழற்சியாக மாற்றும் தண்டு இது) அதன் எஞ்சினை அதிர்வின்றி ஓடச் செய்தன. 7,000 கன சென்டிமீட்டருக்கு மேல் கொள்ளளவு இருந்தும், ஏறத்தாழ 48 குதிரைத்திறனுக்கு மேல் அதனிடம் வேலை வாங்காமல் நிதானமாகச் சுழலவிட்டதே அதன் நீண்ட ஆயுளின் இரகசியம்.

1907-ல் லண்டனுக்கும் கிளாஸ்கோவுக்கும் இடையே மாறி மாறி ஓடிய இவ்வண்டி, அதிர்வில் பெட்ரோல் குழாயின் திறப்பு தானே மூடிக்கொண்டதால் 629-ஆம் மைலில் ஒருமுறை நின்றது. அதன்பின் 14,371 மைல் எந்தப் பழுதும் இன்றி ஓடியது. சோதனை முடிந்து வண்டியைப் பிரித்து அளந்தபோது, அதைப் புதிது போலாக்கத் தேவைப்பட்ட பாகங்களுக்கு இரண்டு பவுண்டுக்குச் சற்று மேல்தான் செலவாயிற்று. விளம்பரங்களில் பெருமையாகச் சொல்லப்பட்ட தொகை அதுவே. டயர்களுக்கான செலவோ அதைப் பல மடங்கு விஞ்சியது. எஃகு தேயவில்லை, இரப்பர் தேய்ந்தது. தேய்ந்ததற்கு மாற்றாக மீண்டும் மீண்டும் புதியது வேண்டியிருந்தது.

அந்தச் சோதனை ஓட்டத்தின் காலத்தில் உலகச் சந்தைக்கு வந்த இரப்பரில் பெரும்பங்கு அமேசான், காங்கோ காடுகளில் எடுக்கப்பட்டது. 1914 வாக்கில் மலாயா, இலங்கை போன்ற நாடுகளின் தோட்ட இரப்பர் அதை மிஞ்சிவிட்டது. 1920களின் நடுப்பகுதி வரை உற்பத்தியான சில்வர் கோஸ்ட் தன் வாழ்நாளின் பிற்பாதியைத் தோட்ட இரப்பரின் காலத்திலேயே கழித்தது.

அந்த இரப்பரைத் தந்த பால்வெட்டு நுண்மையான தொழில். மரத்தினுள் நீரழுத்தம் மிகுந்திருக்கும் விடியற்காலையில்தான் பால் தாராளமாக வடியும் என்பதால், பெரட்டில் (விடியுமுன் நடக்கும் ஆள்கணக்கெடுப்பில்) பெயர் கொடுத்தவர்கள் இருள் பிரியுமுன் மரநிரைக்குள் இறங்கிவிட வேண்டும். சரிவாகச் சீவப்படும் பட்டை, காகிதம் போல மெல்லியதாக உரிய வேண்டும். உளி ஒரு மில்லிமீட்டர் ஆழமாகப் போனாலும், மரத்தை வளர்க்கும் உட்படலம் காயப்பட்டு, அவ்விடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாகத் தடித்துவிடும். மரத்தைக் கொல்லாமல் பட்டையை மட்டும் சீவும் இம்முறையைச் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் ஹென்றி ரிட்லி 1890களில் செம்மைப்படுத்தினார். வெட்டுக்குக் கீழே கட்டிய மங்கில் (கிண்ணத்தில்) சொட்டிய பால், வாளிகளில் ஸ்டோருக்குப் போய், அமிலத்தால் உறைந்து, உருளைகளில் தகடாகிப் புகைக்கூடத்தில் உலர்ந்தது. ஒரு நாளில் நூற்றுக்கணக்கான மரங்களில் இந்த மில்லிமீட்டர்க் கணக்கைப் பிசகாமல் காத்த கையும், ராய்ஸின் பட்டறையில் தாங்கியை அளந்து பொருத்திய கையும் தேர்ச்சியில் ஒன்றுக்கொன்று இளைத்தவையல்ல. எனினும் பட்டறைக்காரர் கைவினைஞர் எனப் போற்றப்பட்டார். தோட்டக் கணக்கேட்டில் பால்வெட்டுபவர் வெறும் ‘கூலி’ என்றே எழுதப்பட்டார். இந்தப் பெயர்வேறுபாடு வரலாற்றாசிரியர்கள் இன்னும் நேர் செய்ய வேண்டிய அநீதி.

சில்வர் கோஸ்ட்டின் அடிச்சட்டமும் எஞ்சினும் மட்டும், மேற்கூடு இல்லாமல், 985 பவுண்டுக்கு விற்றன. ஒரு மலாயா வெள்ளி 2 ஷில்லிங் 4 பென்சு என்ற அன்றைய மதிப்பில் அது சுமார் 8,440 வெள்ளி. 1920களின் இறுதியில் மலாயாவின் முக்கியப் பகுதிகளில் ஆணுக்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலியான 50 காசை வைத்துக் கணக்கிட்டால், ஒருவர் ஒரு நாளும் விடாமல் 46 ஆண்டுகள் பெறும் கூலி அது.

சைக்கிள் மட்டும் தொழிலாளிக்கு எட்டியது. ஜான் பாய்ட் டன்லப் 1880களின் இறுதியில் உருவாக்கிய காற்றடைத்த டயரும் முதலில் அவர் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்கே பொருத்தப்பட்டது. ஆயினும் தோட்டத்துச் சாலையில் துரை (வெள்ளைக்கார மேலாளர்) எதிர்ப்பட்டால் சைக்கிளை விட்டிறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் மலாயாத் தோட்டங்களில் நிலவியது. 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தமிழர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடும் மருத்துவ வசதியோடும் சேர்த்து அவர்கள் எழுதிக் கொடுத்த கோரிக்கைகளில் ஒன்று, துரைமாருக்கும் கிராணிமாருக்கும் (தோட்ட எழுத்தர்களுக்கும்) முன்னால் சைக்கிளில் ஏறிப் போக அனுமதி வேண்டும் என்பது.