சந்தேகத்தின் சுமை யார் தலையில்?

ஒரு பேருந்து விபத்தில் ஆள் இறந்தால், அந்த ஒரே நிகழ்வு இரண்டு மன்றங்களின் படியேறுகிறது. ஓட்டுநரைத் தண்டிக்கலாமா என்று குற்றவியல் நீதிமன்றம் பார்க்கிறது. இறந்தவரின் குடும்பத்துக்கு யார் எவ்வளவு தரவேண்டும் என்று இழப்பீட்டுத் தீர்ப்பாயம் பார்க்கிறது. முதல் மன்றத்தில் சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் போகும். ஒருவரின் சுதந்திரத்தைப் பறிக்கும் அதிகாரத்துக்கு அந்தக் கடிவாளம் தேவை. அதே அளவுகோலை இரண்டாவது மன்றத்திலும் பிடித்தால், தெளிவின்மையின் விலையைக் கட்டுவது கணவனை இழந்தவளும் காலை இழந்தவனும்தான். இந்தியாவில் விபத்து இழப்பீட்டுச் சட்டம் கடந்து வந்த பாதையைத் தொகையின் வளர்ச்சியாகவே பலர் பார்க்கிறார்கள். சந்தேகத்தின் சுமை அடிபட்டவர் தலையிலிருந்து மெல்ல மெல்ல இறங்கியதே அதன் உண்மையான சாதனை என்பது என் கருத்து.

தொடக்கத்தில் அந்தச் சுமை முழுவதும் குடும்பத்தின் தலையில்தான் இருந்தது. பிறர் தவறால் ஒருவர் இறந்தால் அவருடைய மனைவி, கணவர், பெற்றோர், பிள்ளைகளுக்காக வழக்குத் தொடர 1855ஆம் ஆண்டின் உயிரிழப்பு விபத்துச் சட்டம் இடம் தந்தது. ஆனால் உரிமையியல் நீதிமன்றத்தில் தவறை மெய்ப்பிக்க வேண்டும். கேட்கும் தொகைக்கு ஏற்ப நீதிமன்றக் கட்டணமும் கட்ட வேண்டும். கூலிக் குடும்பத்துக்கு இரண்டுமே எட்டாதவை. 1923இல் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வேறு வழியைக் காட்டியது. வேலையின் காரணமாக, வேலையின்போது காயம் பட்டது என்றால் போதும், முதலாளியின் தவறைத் தேட வேண்டியதில்லை என்பது அதன் அடிப்படை. சாலைக்கு அந்தத் துணிவு வர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. அந்தப் பகுதி நடைமுறைக்கு வந்தது 1946இல். 1956இன் திருத்தம் தனித் தீர்ப்பாயங்களுக்கு வழிசெய்தது. இன்று தமிழக நீதிமன்ற வளாகங்களில் ‘எம்.சி.ஓ.பி.’ என்று சொல்லப்படும் விபத்து இழப்பீட்டு வழக்கு அந்த வழியில் வந்ததே. பாதை எளிதானது, தவறை மெய்ப்பிக்கும் கடமை மட்டும் அப்படியே நின்றது. காப்பீடு கட்டாயம் என்பதால் அந்தக் கடமை போய்விடாது என்று 1977இல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது.

திருப்பம் 1980இல் தெரிந்தது. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போன வழக்கு அது. இருட்டிய பிறகு சென்றுகொண்டிருந்த தனியார் பேருந்து, தாழத் தொங்கிய உயர் அழுத்த மின்கம்பியில் பட்டது. பாதிக்கப்பட்ட 26 பேரில் 8 பேர் அங்கேயே இறந்தனர். இது இறைவன் செயல் என்று சொல்லிக் குற்றவியல் நீதிமன்றம் ஓட்டுநரை விடுவித்தது. அந்த விடுதலையைக் காட்டி இழப்பீட்டிலிருந்து தப்ப முயன்றார் பேருந்து உரிமையாளர். நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அதை ஏற்கவில்லை. குற்றத்துக்கு வேண்டிய கவனக்குறைவு வேறு, இழப்பீட்டுக்குப் போதுமான கவனக்குறைவு வேறு; எங்கோ ஓர் ஐயம், எங்கோ ஒரு தெளிவின்மை என்பதற்காக உரிமையாளர்கள் பொறுப்பிலிருந்து நழுவ விடக்கூடாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். ஓட்டுநருக்குரிய பாதுகாப்பில் எதுவும் குறையவில்லை. அந்தப் பாதுகாப்பின் செலவைக் குடும்பங்கள் கட்டும் நிலைதான் மாறியது.

1982இல் நாடாளுமன்றம் அடுத்த அடியை எடுத்து வைத்தது. தவறை மெய்ப்பிக்காமலேயே உயிரிழப்புக்கு ரூ.15,000, நிரந்தர ஊனத்துக்கு ரூ.7,500 கிடைக்க வழி பிறந்தது. தவறைக் கேட்காமல் பணம் கொடுத்தால் ஓட்டுநர்களுக்குப் பொறுப்பு குறையாதா என்ற எதிர்ப்பை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் ஓட்டுநரை அடக்கும் வேலை தண்டனைச் சட்டத்துக்கும் ஓட்டுநர் உரிமத்துக்கும் உரியது. அவை இரண்டும் அப்படியே இருக்கின்றன. இழப்பீட்டைப் பெரும்பாலும் கட்டுவது காப்பீட்டு நிறுவனம். அதை மறுப்பதால் ஓட்டுநருக்கு எந்தப் பாடமும் போய்ச் சேராது. பொய் வழக்குகள் பெருகும் என்பது இன்னும் வலுவான எதிர்ப்பு. போலி விபத்துக் கோரிக்கைகள் இருக்கவே செய்கின்றன. நீதிமன்றங்களே அவற்றை விசாரிக்க உத்தரவிட்டிருக்கின்றன. அதற்கு மருந்து காவல் துறையின் பதிவையும் மருத்துவமனைக் குறிப்பையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான். மெய்யாக அடிபட்ட எல்லோரையும் பொய்யர்களாகப் பாவிக்கும் கடுமையான மெய்ப்பு விதி நேர்மையானவரைத்தான் வீழ்த்தும். பொய் சொல்பவர் சாட்சிகளோடுதான் வருகிறார்.

வருமானத்தை மெய்ப்பிப்பதிலும் இதே சிக்கல் இருந்தது. சம்பளச் சீட்டு இல்லாதவரின் உழைப்புக்கு என்ன மதிப்பு? மோட்டார் வாகனச் சட்டத்தில் 1994இல் சேர்ந்த இழப்பீட்டு அட்டவணை, சம்பாதிக்காத வாழ்க்கைத்துணையின் வருமானத்தைச் சம்பாதிப்பவருடையதில் மூன்றில் ஒரு பங்காக வைத்தது. 2009இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன், இல்லத்தரசியின் ஊதியமில்லாத உழைப்பை நீதிமன்றம் மதிப்பிட்டே ஆகவேண்டும் என்று விரிவாக எழுதினார். 2021இல் உச்ச நீதிமன்றமும் அந்த வழியை வலியுறுத்தியது. தாளில் சான்று இல்லை என்பதால் உழைப்பே இல்லை என்றாகிவிடாது என்ற கொள்கை இதனால் வேரூன்றியது. அந்த அட்டவணையோ, விலைவாசி எங்கோ போய்விட்ட பின்னும், 2018 வரை திருத்தப்படாமலே கிடந்தது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் இந்த வரலாற்றை முன்னும் பின்னுமாக இழுக்கிறது. தவறைக் கேட்காமல் உயிரிழப்புக்கு ரூ.5 லட்சமும் கொடுங்காயத்துக்கு ரூ.2.5 லட்சமும் தருவது முன்னேற்றம். இழப்பீட்டு மனு செய்ய இருந்து 1994இல் நீக்கப்பட்ட கால வரம்பை ஆறு மாதமாகத் திரும்பக் கொண்டுவந்தது பின்னடைவு. நாள்பட்ட கோரிக்கையைச் சரிபார்ப்பது கடினம் என்ற காப்பீட்டாளர் வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் அதற்கான விடை அதே சட்டத்தில் இருக்கிறது. காவல் துறை மூன்று மாதத்துக்குள் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். தீர்ப்பாயம் அதையே இழப்பீட்டு மனுவாக ஏற்க வேண்டும். இதை ஒழுங்காகச் செய்யும்படி 2022இல் உச்ச நீதிமன்றமும் உத்தரவிட்டது. அறிக்கை உரிய காலத்தில் போனால் சான்றும் பழசாகாது, குடும்பமும் நாளைத் தவறவிடாது. அனுப்பாமல் விட்டது காவல் நிலையம் என்றால், காலம் கடந்த குற்றத்தை மருத்துவமனையில் கிடப்பவர்மேல் ஏற்ற எந்த நியாயமும் இல்லை. ஆறு மாத வரம்பை நாடாளுமன்றம் நீக்க வேண்டும்; அதுவரை, வந்து சேராத அறிக்கையைக் கேட்டு வாங்குவதைத் தீர்ப்பாயங்கள் தங்கள் கடமையாகக் கொள்ள வேண்டும்.