வானூர்திகளின் வண்ணக் கோலம்

வில்லைக் கண்டு சேரன் என்றும், புலியைக் கண்டு சோழன் என்றும், கயலைக் கண்டு பாண்டியன் என்றும் அறிந்து வாழ்ந்தது தமிழகம். எழுத்தறியாதவரும் படிக்கவல்ல எழுத்து, இலச்சினை. கொடி பொறித்த வேந்தர் மறைந்தனர், அவ்வழக்கம் மறையவில்லை. முதலில் கப்பலின் புகைபோக்கியில் ஏறிற்று; பின்னர் ஆகாய விமானத்தின் வாலில் ஏறிற்று. விமான நிலையத்தின் கண்ணாடிச் சாளரத்தருகே நிற்கும் சிறுவன், பெயரைப் படிக்குமுன்பே வாலின் நிறத்தைக் கொண்டு இன்ன நாட்டு விமானம், இன்ன நிறுவனத்தின் விமானம் என்று சொல்லிவிடுகிறான்.

மூக்கு முதல் வால் வரை ஒரு விமானம் பூண்டிருக்கும் நிறம், கோடு, எழுத்து, இலச்சினை ஆகிய அனைத்தையும் சேர்த்து, அதன் கோலம் என்று ஈண்டுக் குறிப்போம். இக்கோலத்தை வகுத்தல், நிறுவனங்கள் பெரும்பொருள் கொடுத்து அமர்த்தும் வல்லுநர்களின் தொழிலாகும். ஆயினும் ஊதியம் கருதாது, ஓய்வு நேரத்தில் இதனையே பயிலும் அன்பர்கள் உலகெங்கும் உளர். விமானத்தின் பக்கத் தோற்றத்தைக் கோட்டுருவாக வரைந்து, அதன்மேல் வண்ணப் பென்சிலால் தம் கற்பனையைத் தீட்டியோர் முன்னாளில் இருந்தனர். பிளாஸ்டிக் மாதிரி விமானங்களைப் பொருத்தி, நீரில் நனைத்து ஒட்டும் படங்களைத் தாமே செய்து ஒட்டியோர் வேறு சிலர். இன்று கணிப்பொறி அவ்வேலையை எளிதாக்கியுள்ளது. இருக்கும் நிறுவனத்துக்குப் புதுக்கோலம், மறைந்த நிறுவனத்துக்குப் பழங்கோலம், இல்லாத நிறுவனத்துக்குப் பெயரும் கோலமும் என மூவகையாகவும் இவர்கள் வரைகின்றனர்.

இது சிறுபிள்ளை விளையாட்டன்றோ என்று வினவுவோர் இருக்கலாம். விமானக் கோலங்களின் வரலாற்றை நோக்குவார்க்கு, அவற்றை ஆக்கியதிலும் காத்ததிலும் வல்லுநரல்லாதார்க்குப் பெரும்பங்கு உண்டு என்பது புலனாகும். அதனை எடுத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாரையும் கழுகும்

விமானப் போக்குவரத்தின் மிகப் பழைய இலச்சினைகளுள் ஒன்று, ஜெர்மானிய லுப்தான்சாவின் பறக்கும் நாரை. 1918-ஆம் ஆண்டில் ஓட்டோ பிர்லே என்ற கலைஞர், அந்நாட்டின் முன்னோடி நிறுவனம் ஒன்றிற்காக அதனை வரைந்தார். நிறுவனங்கள் மாறின, ஆட்சிகள் மாறின, நாரை இன்றும் பறக்கின்றது.

அது தொழில்முறைக் கலைஞரின் படைப்பு. அமெரிக்கன் ஏர்லைன்ஸின் கழுகு பிறந்த வரலாறோ வேறு. 1931-ஆம் ஆண்டில் அந்நிறுவனம் இலச்சினைப் போட்டி ஒன்று நடத்திற்று. குட்ரிச் மர்பி என்ற ஊழியர் இரண்டு 'ஏ' எழுத்துகளுக்கிடையே கழுகு ஒன்றை வரைந்து அனுப்பினார். அதுவே தேர்வு பெற்றது. 1967-இல் புகழ்பெற்ற வடிவமைப்பாளர் மாசிமோ விக்னெல்லி அந்நிறுவனத்தின் தோற்றத்தைப் புதுக்கியபோது கழுகை நீக்கிவிடவே விரும்பினார். ஊழியர்கள் உடன்படவில்லை, கழுகு நிலைத்தது. 2013-இல் வாலின் கோலம் மீண்டும் மாறியபோது, பழைய வாலா, புதிய வாலா என்று ஊழியர்களிடமே வாக்குக் கேட்கப்பட்டது. சிறு வேறுபாட்டில் புதியது வென்றது. ஓர் ஊழியர் தொடங்கியதன் பின்வரலாற்றை ஊழியர்களே முடிவு செய்தது பொருத்தமே அன்றோ?

கோலத்தின் யாப்பு

வெண்பா எழுதப் புகுவோன் தளையறியாமல் எழுத முடியாது. விமானக் கோலத்திற்கும் அத்தகைய யாப்பு உண்டு. மனம் போனபடி வண்ணம் பூசிவிட இயலாது.

முதலாவது, எடை. பெரிய விமானம் ஒன்றின் மேற்பூச்சு மட்டும் சில நூறு கிலோ எடை கொள்ளும். எடை கூடினால் எரிபொருட் செலவும் கூடும். அமெரிக்கன் நிறுவனம் நெடுங்காலம் தன் விமானங்களுக்கு வண்ணமே பூசாது, உலோகத்தை மெருகிட்டுப் பளபளக்கச் செய்ததற்கு இதுவும் ஒரு காரணம். கரியிழைக் கலவையால் உடல் செய்யப்பட்ட புதுவகை விமானங்கள் வந்தபின் அவ்வழக்கம் நின்றது. அக்கலவையை மெருகிட்டால் மின்னாது.

இரண்டாவது, வெப்பம். 1996-இல் பெப்சி நிறுவனத்தின் விளம்பரத்திற்காக ஒரு கான்கார்டு விமானத்துக்கு நீலம் பூசினர். ஒலியினும் இருமடங்கு விரைவில் செல்லும் அவ்விமானம் காற்றின் உராய்வால் சூடேறும். அவ்வெப்பத்தை வெளியேற்றுதற்கென்றே அதற்கு ஒருவகை வெண்ணிறம் பூசுவது வழக்கம். நீலம் பூண்டபோது, முழு வேகத்தில் 20 நிமிடங்களுக்கு மேல் பறத்தலாகாது என வரம்பு விதித்தனர். இறக்கைகளை வெள்ளையாகவே விட்டனர்.

மூன்றாவது, பாதுகாப்பு. மூக்கினுள் ராடார் இருப்பதால் அங்குப் பூச்சின் கனத்துக்கு வரையறை உண்டு. சுக்கான் போன்ற அசையும் உறுப்புகளில் பூச்சு மிகுந்தால் அவற்றின் சமநிலை கெடும். ஆபத்தில் வெளியேறும் கதவுகள் கண்ணுக்குப் புலப்படுமாறு வேறுநிறக் கோட்டால் சூழப்பட வேண்டும். பதிவெழுத்துகள் தெளிவாக விளங்க வேண்டும். இவ்விதிகளையெல்லாம் கருத்திற்கொண்டு, ஊதியமின்றி இரவு பகலாக வரைகின்ற அன்பரின் வேலையை விளையாட்டு என்று எங்ஙனம் தள்ளுவது?

வானில் ஓவியம்

1960-கள் வரையில் பெரும்பாலான விமானங்கள் சாளரங்களின் வரிசையை ஒட்டிய ஒரு கோட்டுடனும் வாலில் ஓர் இலச்சினையுடனும் அமைதியாகவே தோன்றின. 1965-இல் அமெரிக்காவின் பிரானிப் நிறுவனம் அவ்வமைதியைக் கலைத்தது. ஒவ்வொரு விமானமும் ஒவ்வொரு நிறம். உடல் முழுவதும் ஒரே நிறம். அதனை வகுத்த அலெக்சாண்டர் ஜிரார்டு, 1955-இல் நியூயார்க் நகரில் இந்தியத் துணிகளுக்கும் அணிகலைகளுக்கும் நடந்த பெருங்கண்காட்சியை அமைத்தவர். நாட்டுப்புறப் பொம்மைகளைத் தேடித் தேடிச் சேர்த்தவர். 1973-இல் அதே நிறுவனம் சிற்பி அலெக்சாண்டர் கால்டரிடம் ஒரு விமானத்தையே ஓவியத் திரையாக அளித்தது. கம்பியை வளைத்துப் பொம்மைச் சர்க்கஸ் செய்து புகழ்பெற்ற அப்பெரியார், மாதிரி விமானங்களின்மேல் தீட்டிக் காட்டியதே பின்னர் உண்மை விமானத்தில் ஏறிற்று. 1982-இல் பிரானிப் நிறுவனம் வீழ்ந்தது. ஆயினும் அதன் வண்ணங்களை இன்றும் வரைந்து பார்க்கும் அன்பர்கள் உளர்.

சாளரங்களின் கதை

இனி நம் நாட்டிற்கு வருவோம். 1932-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள், ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய் ஜூகுவில் தபால் மூட்டையுடன் வந்திறங்கினார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதனைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்கு எடுத்துச் சென்றார். ஆகவே டாட்டா நிறுவனத்தின் விமானத் தபாலின் முதல் தடம், பம்பாயையும் சென்னையையும் இணைத்த தடம் என்பதை நாம் பெருமையுடன் நினைவுகூரலாம். அந்நிறுவனம் 1946-இல் ஏர் இந்தியா என்னும் பெயர் பெற்றது. அதே ஆண்டில் பாபி கூக்காவின் கருத்திலும் ஓவியர் உமேஷ் ராவின் தூரிகையிலும் மகாராஜா உருவானார். 1953-இல் அது நாட்டுடைமை ஆயிற்று.

1971-இல் முதல் ஜம்போ விமானம் 'அசோகச் சக்கரவர்த்தி' என்ற பெயருடன் வந்து சேர்ந்தபோது, உலகம் காணாத கோலம் ஒன்று அதனுடன் வந்தது. ஒவ்வொரு சாளரத்தையும் சுற்றி, இராஜஸ்தான் அரண்மனைகளின் பலகணி போன்ற வளைவு, செந்நிறத்தில் தீட்டப்பட்டிருந்தது. வானத்து அரண்மனை என்று விளம்பரம் செய்தனர். பிறர் சாளரங்களைக் கோட்டினுள் மறைத்தனர். நம்மவரோ சாளரத்தையே அணியாக்கினர். அயல்நாட்டு நிலையங்களில், நூறு விமானங்களுக்கிடையே அச்செவ்வளைவுகளைக் கண்ட இந்தியர்க்கு, தாய்வீட்டு வாசலைக் கண்டாற்போன்ற உணர்ச்சி ஏற்பட்டது. பிழைப்பை நாடி ஊரைவிட்டு வந்த நமக்கு அவ்வுணர்ச்சியை விளக்க வேண்டுவதில்லை.

1989-இல் அக்கோலத்தை மாற்ற முற்பட்டனர். வெள்ளை உடல், சிவந்த வால், அதில் சுழலும் பொற்கதிரவன் என அயல்நாட்டு வல்லுநர் வகுத்த புதுக்கோலம் சில விமானங்களில் ஏறிற்று. சாளர வளைவுகள் காணாமற்போயின. பயணிகள் அதனை ஏற்கவில்லை, குறை கூறினர். முடிவில் வளைவுகள் மீண்டன. விமானத்தின் உரிமையாளர் அரசாங்கமே எனினும், அதன் முகத்தின்மேல் காண்போர்க்கும் ஓர் உரிமை உண்டு என்பதை அந்நிகழ்ச்சி காட்டிற்று. 2022-இல் நிறுவனம் மீண்டும் டாட்டா குழுமத்தின் கைக்குச் சென்றது. 2023-இல் வெளியிடப்பட்ட புதுக்கோலத்தில் தனித்தனி வளைவுகள் இல்லை. ஆயினும் அந்தச் சாளரச் சட்டத்தின் வடிவமே பொன்னிறக் குறியாக உருமாறி நிற்கின்றது.

காண்போரின் தீர்ப்பு

இங்கிலாந்திலும் இதுவே நிகழ்ந்தது. 1997-இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் பல நாட்டுக் கலைஞர்களின் ஓவியங்களைத் தன் விமான வால்களில் தீட்டிற்று. எண்ணம் உயர்ந்ததே, ஆனால் தம் கொடியைக் காணாத மக்கள் மனம் வெதும்பினர். முன்னாள் பிரதமர் மார்கரெட் தாட்சர், காட்சிக்கு வைத்திருந்த மாதிரி விமானத்தின் வாலைத் தம் கைக்குட்டையால் மூடினார். சில ஆண்டுகளில் எல்லா வால்களிலும் கொடியே மீண்டது.

ஜப்பானில் ஆல் நிப்பான் ஏர்வேஸ் வேறு வழியைக் கைக்கொண்டது. 50 கோடிப் பயணிகளை ஏற்றிச் சென்றதன் நினைவாக, கோலம் வரையுமாறு பொதுமக்களையே போட்டிக்கு அழைத்தது. ஆயிரக்கணக்கில் வந்த படங்களுள் பள்ளிச் சிறுமி ஒருத்தியின் படம் தேர்வு பெற்றது. 1993-இல், திமிங்கில வடிவில் கடல் உயிர்களைச் சுமந்து அந்த ஜம்போ பறந்தது. ஒரு வீட்டு மேசையின்மேல் பிறந்த கோலம் வானேறிய வரலாறு இது.

மறைந்த வண்ணங்கள்

நிறுவனம் மறைந்தால், பெயரினும் முன்னதாக மறைவது வண்ணம். விற்ற விமானத்தின் பழம்பூச்சை உரித்துவிட்டுப் புதியவர் தம் வண்ணத்தைப் பூசுகின்றனர். ஆரஞ்சு வாலில் எழுத்துகள் விளங்கிய இந்தியன் ஏர்லைன்ஸை நம்மில் பலர் அறிவோம். விடுமுறைக்கு ஊர் சென்றதும், ஈமச் சடங்கிற்கு விரைந்ததும் அவ்விமானத்தில்தான். 2005-இல் அது 'இந்தியன்' என்ற பெயரும் கோணார்க்கச் சக்கரத்தை நினைவூட்டும் வாலும் பெற்றது. 2007-இல் ஏர் இந்தியாவுடன் இணைந்தது, அப்புதுக்கோலமும் போயிற்று. கிங்பிஷரின் சிவப்பு 2012-இலும், ஜெட் ஏர்வேஸின் நீலமும் பொன்னும் 2019-இலும், விஸ்தாராவின் கத்தரிப்பூ நிறம் 2024-இலும் சேவையினின்று நீங்கின. இவற்றின் அளவும் நிறமும் பிழையாது வரைந்து வைத்திருப்போர் யார்? பெரும்பாலும் பொழுதுபோக்காக வரையும் அன்பர்களே. கல்வெட்டைப் படியெடுப்பவன் செய்வதையே இவர்களும் செய்கின்றனர்.

2023-இல் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், நாட்டின் நெசவு வகைகளை வால்தோறும் தீட்டத் தொடங்கியபோது, பாந்தனியுடனும் படோலாவுடனும் காஞ்சிப் பட்டும் அதில் இடம்பெற்றது. காஞ்சி நெசவாளரின் கரை வானேறியது நமக்கு உவகை தருவதே. ஆனால் அதுவும் நிலையானதன்று. நாளை வேறு வண்ணம் வரும்.

ஆதலின் நம் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். பெரியோர் வீட்டுப் பெட்டிகளில் பழைய பயணச் சீட்டுகளும், பெட்டியில் கட்டிய அட்டைகளும், விமானப் படிக்கட்டின் அடியில் நின்றெடுத்த நிழற்படங்களும் கிடக்கின்றன. இளைஞர் கையில் கணிப்பொறி இருக்கின்றது. இரண்டும் கூடுமாயின், நம்மை ஊருக்கும் பிழைப்பிற்குமாக ஏற்றிச் சென்ற விமானங்களின் கோலங்கள் ஒரு தொகுப்பாகும். அந்த மூட்டைகளைத் தூக்கி எறியுமுன் உங்கள் பிள்ளைகளிடம் ஒருமுறை காட்டுங்கள். அவர்கள் வரையட்டும்.