கால்பந்து கேலரியும் கெட்ட வார்த்தையும்: பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா?

இத்தாலியின் யுவென்டஸ் கிளப்புக்கு 2013இல் ஒரு விசித்திரமான அபராதம் விழுந்தது. தொகை 5,000 யூரோ. எதிரணி கோல்கீப்பரை ரசிகர்கள் கெட்ட வார்த்தையால் திட்டினார்கள் என்பது குற்றம். இதில் என்ன விசித்திரம் என்கிறீர்களா? திட்டியவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள்!

நடந்தது இதுதான். நேப்பிள்ஸ் ஊர்க்காரர்களை இழிவாகப் பேசிக் கோஷம் போட்டதற்காக, யுவென்டஸின் தீவிர ரசிகர்கள் கூடும் கேலரிகளை மூடச் சொல்லித் தண்டனை வந்தது. காலி கேலரியைக் காட்டுவதற்குப் பதிலாகப் பிள்ளைகளை உட்கார வைக்கிறோம் என்று கிளப் கேட்டது. அனுமதியும் கிடைத்தது. டிசம்பர் 1 அன்று உதினேசே அணியுடன் நடந்த ஆட்டத்துக்குச் சுமார் 12,000 பிள்ளைகள் வந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் எதிரணி கோல்கீப்பர் கோல் கிக் அடிக்க வரும்போதெல்லாம், பெரியவர்கள் வழக்கமாகக் கத்தும் அதே அசிங்கமான வார்த்தையைப் பிள்ளைகள் கோரஸாகக் கத்தினார்கள். எந்த நேரத்தில், எந்த ராகத்தில் கத்த வேண்டும் என்பது வரை மனப்பாடம்!

செய்தியைப் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. பிறகு யோசித்தால், இது யுவென்டஸ் கிளப்போடு முடிகிற கதை இல்லை. "கெட்ட வார்த்தை பேசும் இடத்துக்குப் பிள்ளையைக் கூட்டிப் போகலாமா?" என்ற கேள்வி கால்பந்துக்குப் புதிதல்ல. அதற்கு ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு பதில் சொல்லியிருக்கிறார்கள். அதைத் தெரிந்துகொள்ள, இந்த ஆட்டம் பிறந்த இங்கிலாந்துக்குப் போக வேண்டும்.

தனியே அடைத்து வைத்த காலம்

ஆண்கள் கூட்டத்தைத் திருத்த வேறு யாரையாவது உள்ளே விடுவது என்ற யோசனை மிகப் பழையது. 1880களில் சில இங்கிலாந்து கிளப்புகள் பெண்களுக்கு டிக்கெட் இல்லாமல் அனுமதி கொடுத்தன. பெண்கள் இருந்தால் ஆண்கள் வாயை அடக்குவார்கள் என்பது அந்தக் கால நம்பிக்கை. 1885இல் பிரஸ்டன் நார்த் எண்ட் மைதானத்துக்கு இப்படிச் சுமார் 2,000 பெண்கள் வந்ததாகச் சொல்வார்கள். ஆனால் இலவசம் ரொம்ப நாள் நீடிக்கவில்லை. இத்தனை பேர் காசு கொடுக்காமல் வந்தால் கிளப்புக்குக் கட்டுமா?

சிறுவர்களுக்கு வேறு ஏற்பாடு. லிவர்பூல் அணியின் ஆன்ஃபீல்டு மைதானத்தில் 'கோப்' என்ற புகழ்பெற்ற நின்று பார்க்கும் கேலரி இருந்தது. அதன் ஒரு மேல் மூலையில் கம்பி போட்டு அடைத்த பகுதிக்கு 'பாய்ஸ் பென்' என்று பெயர். ஆட்டுப் பட்டி மாதிரி, பையன்களுக்கான பட்டி. குறைந்த டிக்கெட், பெரியவர்கள் யாரும் கிடையாது. அதனால் அங்கே நல்ல பேச்சு இருந்ததா என்றால், இல்லவே இல்லை! பெரியவர்கள் நிற்கும் கோப்பை விட பையன்களின் பட்டிதான் முரட்டு இடம் என்று பெயர் வாங்கியது. கம்பியில் ஏறித் தப்பித்துப் பெரியவர்கள் பக்கம் குதிப்பதுதான் பையன்களின் வீர விளையாட்டு.

இதைக் கவனியுங்கள். பெரியவர்களிடமிருந்து பிரித்து வைத்தால் பிள்ளைகள் சுத்தமாக இருப்பார்கள் என்ற கணக்கு அங்கேயே தப்பாகிவிட்டது. 2013இல் டூரினில் நடந்தது இதன் இரண்டாம் பாகம்தான்.

அப்பாவின் கையைப் பிடித்துப் போன பையன்

பிள்ளையின் பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும்? எழுத்தாளர் நிக் ஹார்ன்பி 1992இல் எழுதிய 'ஃபீவர் பிட்ச்' இதற்கு நல்ல சாட்சி. 1968இல் ஆர்சனல், ஸ்டோக் சிட்டி ஆட்டத்துக்கு 11 வயது ஹார்ன்பியை அப்பா கூட்டிப் போனார். அப்பாவும் அம்மாவும் பிரிந்துவிட்ட நேரம். வாரக் கடைசியில் சந்திக்கும் அப்பாவுக்கும் பிள்ளைக்கும் பேச ஒரு விஷயம் வேண்டியிருந்தது. அது கால்பந்தாக அமைந்தது.

அந்தப் பையன் மனதில் தங்கியது ஆட்டத்தை விடக் கூட்டம்தான். புகை, ஆண்கள், அவர்கள் கத்திய வார்த்தைகள். அந்த வார்த்தைகள் அவனுக்கு ஏற்கெனவே தெரியும். பெரியவர்கள் அதை அவ்வளவு சத்தமாகச் சொல்லிக் கேட்டதுதான் புதிது. அவன் கெட்டுப் போகவில்லை. அப்பாவோடு சேர்ந்து இருக்க ஓர் இடம் கிடைத்தது என்பதுதான் வாழ்நாள் முழுக்க நின்றது. "கூட்டிப் போகாதே" என்று சுலபமாகச் சொல்பவர்கள் இந்தப் பக்கத்தையும் தராசில் வைக்க வேண்டும்.

ஒரு போர்டு, ஒரு கையெழுத்து

1970களின் கடைசியில் நாட்டிங்காம் ஃபாரஸ்ட் மேனேஜர் பிரையன் கிளஃப் ஒரு காரியம் செய்தார். தீவிர ரசிகர்கள் நிற்கும் ட்ரெண்ட் எண்ட் முன்னால் ஒரு போர்டு. "கனவான்களே, கெட்ட வார்த்தை வேண்டாம். பிரையன்." அவ்வளவுதான். அபராதம், போலீஸ் என்று எந்த மிரட்டலும் இல்லை. ஊரே மதிக்கும் ஒரு மனிதர் தன் பெயரைப் போட்டுக் கேட்டுக்கொள்கிறார். 1979, 1980 என இரண்டு முறை ஐரோப்பியக் கோப்பையை வாங்கித் தந்தவர் கேட்டால் கொஞ்சமாவது யோசிப்பார்கள் அல்லவா?

(இதே கிளஃப் 1989இல் மைதானத்துக்குள் ஓடி வந்த ரசிகர்களைக் கை நீட்டி அடித்து, அபராதம் கட்டினார் என்பது தனிக்கதை. வாய் சுத்தமாக இருந்தால் கையும் சுத்தமாக இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை! :-) )

கூட்டம் குறைந்த கணக்கு

காமர்ஸ் படிப்பவனுக்கு எண்களைப் பார்க்காமல் இருக்க முடியாது. 1948-49 சீசனில் இங்கிலாந்து லீக் ஆட்டங்களுக்கு வந்தவர்கள் 4 கோடியே 10 லட்சத்துக்கும் மேல். 1985-86 சீசனில் அது சுமார் 1 கோடியே 65 லட்சம். பாதிக்கும் கீழே! டிவி, மாறிய வாழ்க்கை முறை எனக் காரணங்கள் பல உண்டு. ஆனால் 1970, 80களின் அடிதடியும் ஒரு பெரிய காரணம். குடும்பம் குடும்பமாக ஒதுங்கினார்கள். இன்று வராத பிள்ளை என்றால் இருபது வருடம் கழித்து டிக்கெட் வாங்காத பெரியவன். கிளப்புகளுக்கு இது நீண்ட கால நஷ்டம்.

இதை முதலில் புரிந்துகொண்ட கிளப்புகளில் ஒன்று வாட்ஃபோர்ட். பாடகர் எல்டன் ஜான் 1976இல் தலைவரானார். அடுத்த வருடம் கிரஹாம் டெய்லர் மேனேஜர் ஆனார். நான்காம் டிவிஷனில் கிடந்த அணி 1982இல் முதல் டிவிஷனுக்கு ஏறியது. இந்தக் காலத்தில்தான் குடும்பங்களுக்கென்று தனிப் பகுதி ஒதுக்கினார்கள். பிள்ளையோடு வருகிறவர்களுக்கான இடம் அது. பையன் பட்டிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் ஒன்றே ஒன்று: இங்கே பிள்ளையின் பக்கத்து சீட்டில் அவனுக்குப் பொறுப்பான பெரியவர் இருக்கிறார். வீரர்கள் ஊர் மக்களோடு கலந்து பழக வேண்டும் என்பதிலும் டெய்லர் கண்டிப்பாக இருந்தார். தன் பள்ளிக்கு வந்து பேசிவிட்டுப் போன வீரரைத் திட்டப் பிள்ளைக்கு மனசு வருமா?

பிள்ளைகளைக் கொன்றது எது?

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஏனென்றால் அந்தக் காலத்து மைதானத்தில் பிள்ளைகளுக்கு நிஜமான ஆபத்து கெட்ட வார்த்தையிலிருந்து மட்டும் வரவில்லை.

1985 மே 11 அன்று பிராட்ஃபோர்டில் பழைய மர கேலரி தீப்பிடித்து 56 பேர் இறந்தார்கள். அதே நாள் பர்மிங்காமில் ரசிகர்களின் கலவரத்துக்கிடையே சுவர் இடிந்து விழுந்து 15 வயதுப் பையன் ஒருவன் இறந்தான். 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நடந்த நெரிசலால் மொத்தம் 97 உயிர்கள் போயின. அதில் மிகச் சிறியவனுக்கு வயது 10. முரட்டு ரசிகர்களை அடக்கக் கட்டிய கம்பி வேலியில்தான் அந்தப் பிள்ளைகள் நசுங்கினார்கள். பழியைக் குடிகார ரசிகர்கள் மேல் போட்டார்கள். 27 வருடம் போராடிய பிறகு, 2016 விசாரணையில் ஜூரி தெளிவாகச் சொன்னது: சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள், ரசிகர்களின் நடத்தை காரணமல்ல.

கெட்ட வார்த்தை பேசுகிற கூட்டம் என்றாலே மிருகக் கூட்டம் என்று முடிவு கட்டி, மிருகங்களைப் போல அடைத்ததன் விலை அது. வாய் கெட்டவன் என்பதும் ஆபத்தானவன் என்பதும் ஒன்றல்ல.

சட்டம் வந்தது

ஹில்ஸ்பரோவை விசாரித்த நீதிபதியின் பெயரும் டெய்லர்தான் (வாட்ஃபோர்ட் டெய்லர் வேறு). அவருடைய அறிக்கை 1990 ஜனவரியில் வந்தது. அதன் பரிந்துரையைத் தொடர்ந்து 1991இல் கால்பந்துக் குற்றங்கள் சட்டம் வந்தது. பொருட்களை வீசுவது, மைதானத்துக்குள் இறங்குவது, ஆபாசமான அல்லது இனவெறிக் கோஷம் போடுவது ஆகிய மூன்றும் குற்றம்.

இதில் ஒரு வேடிக்கை. கோஷம் என்றால் இரண்டு பேராவது சேர்ந்து திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும் என்று சட்டம் எழுதியிருந்தார்கள். ஒருவன் மட்டும் தனியாகக் கத்தினால் இந்தப் பிரிவு பாயாது! 1999இல்தான் திருத்தினார்கள். 2008இல் போர்ட்ஸ்மவுத் மைதானத்தில் சோல் கேம்பெல் என்ற வீரரைக் கேவலமாகப் பாடிய வழக்கில், 2009இல் ஒரு நடுத்தர வயதுக்காரரோடு ஒரு பதின்ம வயதுப் பையனும் தண்டிக்கப்பட்டான். இவர்களில் யார் யாரிடம் கற்றிருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

என்னைக் கேட்டால் எல்லாக் கெட்ட வார்த்தையும் ஒரே தராசில் வைக்கக் கூடியதல்ல. கோல் தவறியபோது வாயில் வருவது ஒரு ரகம். அதை வீட்டுக்குப் போகும் வழியில் "அது அங்கே விட்டுவிட வேண்டிய வார்த்தை" என்று பிள்ளைக்குச் சொல்லிவிடலாம். ஒரு வீரரின் தோலின் நிறத்தைப் பாடுவதும், ஹில்ஸ்பரோவில் செத்த பிள்ளைகளைக் கிண்டல் செய்து பாடுவதும் வேறு ரகம். 2023இல் பிரீமியர் லீக் இப்படிப்பட்ட துக்கக் கிண்டலுக்குத் தனியாகக் கடும் நடவடிக்கைகளை அறிவிக்க வேண்டிவந்தது. அந்தப் பாட்டுகளில் பல நேரம் அச்சில் ஏற்ற முடியாத வார்த்தை ஒன்றுகூட இருக்காது. ஆனால் பிள்ளையின் மனசுக்கு அதுதான் விஷம்.

இஸ்தான்புல்லும் டூரினும்

பிள்ளைகளை வைத்துப் பெரியவர்களைத் தண்டிக்கும் யோசனை துருக்கியிலும் நடந்தது. 2011இல் ஃபெனர்பாச்சே ரசிகர்கள் ஒரு நட்பு ஆட்டத்தில் மைதானத்துக்குள் இறங்கிக் கலாட்டா செய்தார்கள். தண்டனையாக ஆண்களுக்குத் தடை. செப்டம்பர் 20 அன்று மனிசாஸ்போர் அணியுடன் நடந்த ஆட்டத்துக்குப் பெண்களும் 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளும் மட்டும் இலவசமாக வரலாம் என்றார்கள். 41,000க்கும் மேல் வந்தார்கள். எதிரணியைக் கைதட்டி வரவேற்றார்கள். வீரர்கள் கூட்டத்துக்குப் பூ வீசினார்கள். ஆட்டமும் 1-1 என்று முடிந்து யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை.

அங்கே இனித்தது டூரினில் ஏன் கசந்தது? ஒரே ஒரு நாளை வைத்து விதி எழுத முடியாதுதான். ஆனாலும் ஒன்று கண்ணில் படுகிறது. இஸ்தான்புல்லில் பிள்ளைகளின் பக்கத்தில் அம்மாக்கள் இருந்தார்கள். டூரினில் பெரியவர்களின் கேலரியைப் பிள்ளைகளிடம் கொடுத்தார்கள். பிள்ளைகள் அந்தக் கேலரியின் வழக்கத்தை அப்படியே நடத்திக் காட்டினார்கள்.

கடைசியாக

இந்த நூற்று முப்பது வருடக் கதையில் பிள்ளைகளைத் தனியே அடைத்தார்கள், பயத்தால் வெளியே நிறுத்தினார்கள், பிறகு துடைப்பம் போலக் கொண்டுவந்து பெரியவர்கள் செய்த குப்பையைப் பெருக்கச் சொன்னார்கள். மூன்றிலும் பெரியவர்கள் மாற வேண்டிய அவசியமே வரவில்லை. ஓரளவு பலன் கொடுத்தது வாட்ஃபோர்ட் வழிதான்.

இப்போது புதுத் தடை ஒன்று இருக்கிறது. டிக்கெட் விலை! 2016இல் லிவர்பூல் கிளப் சில சீட்டுகளுக்கு 77 பவுண்டு என்று அறிவித்தபோது, ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் 77ஆவது நிமிடத்தில் எழுந்து வெளியேறினார்கள். கிளப் இறங்கி வந்தது. வேலி இல்லை, தீப்பிடிக்கும் மரக் கேலரி இல்லை, ஆனால் அப்பாவும் இரண்டு பிள்ளைகளும் போக மாதச் செலவில் கை வைக்க வேண்டும் என்றால் என்ன பயன்?

ஆக, கூட்டிப் போகலாமா? போகலாம் என்பதுதான் என் பதில். பிள்ளை எங்கே உட்காருகிறான் என்பதை விட, பக்கத்து சீட்டில் யார் உட்காருகிறார் என்பதைப் பாருங்கள். அங்கே உட்காரப் போவது நீங்கள்தான் என்றால், பாதிப் பிரச்சினை உங்கள் வாயில் இருக்கிறது.