அப்பா இல்லாத குடும்பப் படம்

ரவிவர்மா என்றதும் நமக்கு ஞாபகம் வருவது லட்சுமியும் சரஸ்வதியும்தான். 1894-ல் அவர் பம்பாயில் ஆரம்பித்த அச்சகம்தான் சாமி படங்களைச் சாதாரண வீட்டுச் சுவர் வரைக்கும் கொண்டு போனது. மாட்டுங்கா பூஜை சாமான் கடைகளில் இன்றும் அவற்றின் வாரிசுகளைப் பார்க்கலாம். ஆனால் நான் சொல்ல வந்தது சாமி படத்தைப் பற்றி இல்லை. 1893-ல் அவர் வரைந்த ஒரு குடும்பப் படம்.

பெயர், 'அதோ அப்பா வருகிறார்'. ரவிவர்மாவின் மகள் மகாபிரபா, கையில் குழந்தையோடு நிற்கிறார். பக்கத்தில் ஒரு நாய். பார்வையெல்லாம் படத்துக்கு வெளியே. அப்பாவை மட்டும் காணோம்.

இதில் என்ன விசேஷம் என்கிறீர்களா? அன்றைய திருவிதாங்கூரில் இவர்கள் வீட்டில் மருமக்கள்வழி. கவிமணி 'மான்மியம்' பாடினாரே, நாஞ்சில் நாட்டில், அதே முறைதான். பிள்ளைகள் அம்மா வீட்டுக்குச் சொந்தம். சொத்து மாமாவிடமிருந்து மருமகனுக்குப் போகும். அப்பா வந்து போகிறவர். அப்படிப்பட்ட வீட்டில் எல்லோரும் அப்பா வரும் வழியையே பார்த்து நிற்பதாக வரைகிறார் ரவிவர்மா. இருந்த குடும்பத்தை விட, ஆங்கிலம் படித்த தலைமுறை ஆசைப்பட்ட குடும்பம்தான் இதில் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது.

உருவப்படங்கள் எங்கேயும் இந்த வேலையைச் செய்திருக்கின்றன. 1768-ல் பாஸ்டனில் ஜான் சிங்கிள்டன் காப்ளி, பால் ரெவியர் என்ற வெள்ளி ஆசாரியைக் கோட்டு இல்லாமல், வெறும் சட்டையில், கையில் தேநீர்க் கெண்டியோடு வரைந்தார். உழைப்பவனுக்கும் படத்தில் இடம் உண்டு என்று சொன்னது அந்தப் படம்.

இனிதான் கதையே. மகாபிரபாவுக்கு 1895-ல் பிறந்த பெண், 1900-ல் திருவிதாங்கூர் அரச குடும்பத்துக்குத் தத்துப் போனார். அவர்தான் சேது லட்சுமி பாய். 1924-ல் ராஜ்யப் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. 1925-ல் தறவாட்டுச் சொத்தைப் பாகம் பிரிக்க வழி செய்த நாயர் சட்டம் அவர் ஆட்சியில்தான் வந்தது. பாட்டனார் படத்தின் சட்டத்துக்கு வெளியே நிறுத்திய அப்பாவை, பேத்தி ராஜ்யத்தின் சட்டத்துக்குள் கொண்டு வந்தார்!

லாபம் மட்டும்தானா? மாமாவின் தயவில் கிடந்த மனைவி மக்களுக்கு விடிவு, உண்மைதான். ஆனால் பழைய முறையில் பெண் நின்ற வீடு அவள் பிறந்த வீடு. யாரும் வெளியே போ என்று சொல்ல முடியாது. புதிய குடும்பத்தில் அவள் வீடு, வருகிற அப்பாவின் வீடாகிவிட்டது.

தாராவியிலிருந்து மாதாமாதம் திருநெல்வேலிக்குப் பணம் அனுப்பிய அப்பாக்கள் எத்தனை பேர்! அவர்கள் வீட்டுப் படத்திலும் அப்பா சட்டத்துக்கு வெளியேதான். வாசலைப் பார்த்து நின்ற அம்மாக்களை எந்த ரவிவர்மாவும் வரையவில்லை.