பணி ஒப்படைப்பும் கணக்கேடும்: திண்டுக்கல் வருவாய் வரலாற்றின் வழியே மென்பொருள் உதவியாளர்களை நோக்குதல்

மென்பொருள் உருவாக்கத்தில் பெருமொழி மாதிரிகளால் இயங்கும் உதவியாளர்களுக்குப் பணிகளைப் பிரித்து ஒப்படைக்கும் முறை அண்மையில் பரவி வருகிறது. நிரல் எழுத ஒன்று, சோதிக்க ஒன்று, பிழை தேட ஒன்று எனச் சிறப்பு உதவியாளர்கள் வடிவமைக்கப்படுகின்றனர். (தமிழில் ‘முகவர்’ என்னும் சொல் காப்பீட்டு முகவரையே முதலில் நினைவூட்டுவதால் இங்கு ‘உதவியாளர்’ என்பதே ஆளப்படுகிறது.) இவை குறித்த எழுத்துகள் பெரும்பாலும் பொறியியல் நோக்கில் அமைந்தவை. ஆயினும், தாம் நேரில் காண இயலாத பணியைப் பிறரிடம் ஒப்படைப்போர் எதிர்கொள்ளும் சிக்கல்கள் ஆட்சி வரலாற்றுக்குப் பழகியவை. திண்டுக்கல் சமவெளியின் நிலவருவாய் நிர்வாகத்தை முன்வைத்து, ஒப்படைப்பில் பதிவேடும் தனித்த சரிபார்ப்பும் பெறும் இடத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

மொத்த ஒப்படைப்பு

1792ஆம் ஆண்டின் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திண்டுக்கல் சீமை மைசூரிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் வசமாயிற்று. ஊர்தோறும் விளைவதும் தண்டப்படுவதும் கம்பெனிக்குத் தெரியாதவை. கலெக்டர் ஹர்டிஸ் காலத்தில் நிலங்கள் அளக்கப்பட்டன. அளவைக்குப் பின் கம்பெனி எடுத்த முடிவு வியப்பளிப்பது. 1802ஆம் ஆண்டின் நிலையான தீர்வை ஒழுங்குமுறையைப் பின்பற்றிச் சீமை பல மிட்டாக்களாகக் கூறுபடுத்தப்பட்டு விற்கப்பட்டது. ஆண்டுதோறும் குறித்த தொகையைச் செலுத்துவதே மிட்டாதாரரின் கடமை. அதனை அவர் எவ்வாறு திரட்டுகிறார் என்பது கேட்கப்படவில்லை. சில ஆண்டுகளிலேயே பெரும்பாலான மிட்டாக்கள் பாக்கியில் வீழ்ந்து அரசிடம் திரும்பின. தீர்வை மிகுதியும் பருவமழைப் பொய்ப்பும் இதற்குக் காரணங்கள் என்பதில் ஐயமில்லை. எனினும், நடுவில் நிகழ்வதை அறியும் வழியின்றி முடிவை மட்டும் எதிர்பார்த்த ஒப்படைப்பு முறையையும் அவற்றோடு சேர்த்து எண்ண வேண்டும்.

கர்ணமும் தணிக்கையும்

அதே 1802இல் இயற்றப்பட்ட 29ஆம் ஒழுங்குமுறை இவ்வகையில் கூர்ந்து நோக்கத்தக்கது. அது கர்ணத்தின் பதவியையும் கடமைகளையும் வரையறுத்தது. நிலவுடைமையாளர் தம் விருப்பம்போல் கர்ணத்தை நீக்கிவிட இயலாது. அதற்கு நீதிமன்றத் தீர்ப்பு வேண்டும். வழக்கு எழுமிடத்து நீதிமன்றம் நம்பத்தக்க கணக்கு ஒன்று இருத்தல் வேண்டும் என்பதே இதன் நோக்கம். வசூலிப்பவரும் கணக்கெழுதுபவரும் வேறு வேறு ஆட்களாதல் வேண்டும் என்னும் எண்ணம் இங்கே சட்ட வடிவம் பெறுகிறது.

1820க்குப் பின், தாமஸ் மன்றோ சென்னை மாகாண ஆளுநராக இருந்த காலத்தில், இரயத்துவாரி முறை நிலைபெற்றபோது இவ்வெண்ணம் விரிவடைந்தது. மணியக்காரர் வரி தண்டினார், கர்ணம் எழுதினார், தலையாரி காவல் காத்தார், நீர்க்கட்டி பாசன நீரைப் பங்கிட்டார். புல எண்வாரியாகப் பயிரைக் குறிக்கும் அடங்கல், உடைமையாளர்வாரியாக நிலத்தைத் தொகுக்கும் சிட்டா என ஏடுகளும் வகைப்பட்டன. அடங்கலில் எழுதியதை மேலலுவலர் வயலுக்குச் சென்று ஒப்பிட்டனர். பசலி ஆண்டின் முடிவில் வட்டத் தலைமையிடத்தில் ஜமாபந்தி நிகழ்ந்தது. ‘வருவாய்த் தீர்வாயம்’ என்னும் பெயரில் இன்றும் நிகழ்கிறது. ஆண்டு முழுவதும் எழுதிய கணக்கை, எழுதாத ஒருவர் முன் வைத்து விடை கூறும் நாள் அது.

நிரலாக்கத்தில் பணிப் பகுப்பு

மென்பொருள் துறையும் ஏறத்தாழ இதே வழியில் வந்தது. பிரெடரிக் புரூக்ஸ் 1975இல் வெளியிட்ட நூலில், ஹார்லன் மில்ஸ் முன்மொழிந்த குழு அமைப்பை அறுவை மருத்துவக் குழுவோடு ஒப்பிட்டு விளக்கினார். முதன்மை நிரலர் ஒருவரைச் சுற்றிப் பதிப்பாசிரியர், கருவி செய்பவர், சோதனையாளர் முதலியோர் இருப்பர். குழுவின் நிரல்களையும் ஓட்டங்களின் விளைவுகளையும் பதிந்து காப்பதற்கென்றே ஒரு நிரல் எழுத்தர் உண்டு. அவரைக் குழுவின் கர்ணம் எனலாம்.

2023இல் வெளிவந்த சாட்டெவ், மெட்டாஜிபிடி ஆகிய ஆய்வுகள் இவ்வமைப்பை மொழி மாதிரிகளுக்குப் பொருத்தின. ஒரு மாதிரிக்கு மேலாளர் வேடம், மற்றொன்றுக்கு நிரலர் வேடம், வேறொன்றுக்குச் சோதனையாளர் வேடம் தரப்பட்டது. அதே ஆண்டு எஸ்டபிள்யூஇ-பெஞ்ச் என்னும் மதிப்பீடு, 12 பைத்தான் களஞ்சியங்களிலிருந்து 2,294 மெய்யான சிக்கல்களைத் திரட்டி மாதிரிகளிடம் தந்தது. சிறந்த மாதிரி அப்போது தீர்த்தவை 2 விழுக்காட்டுக்கும் குறைவு. அதன்பின் வந்த முன்னேற்றம் பெரிது. அம்முன்னேற்றமே ஒப்படைப்பை நடைமுறைச் சிக்கலாக்கிற்று. இயலாத உதவியாளரிடம் எவரும் சாவியைத் தருவதில்லை அன்றோ!

2025இல் பரவிய நிரலாக்கக் கருவிகளில் துணை உதவியாளர் ஒவ்வொன்றுக்கும் தனி அறிவுறுத்தலும், தனிச் சூழல் நினைவும், வரையறுக்கப்பட்ட கருவி அனுமதியும் தரலாம். திண்டுக்கல்லை அடுத்த நூற்பாலை ஒன்றின் சம்பளக் கணக்கு மென்பொருளைத் திருத்த வேண்டும் எனக் கொள்வோம். மிகைநேர ஊதிய விதியை மாற்றும் உதவியாளருக்கு அந்நிரல் கோப்புகளைத் திருத்தும் அனுமதி போதும். தொழிலாளரின் வங்கி விவரம் அதற்கு வேண்டியதில்லை. சோதிக்கும் உதவியாளருக்குப் படிக்கவும் ஓட்டவும் அனுமதி உண்டு. திருத்த அனுமதி இல்லை. இந்த இரண்டாம் வரையறை பலரால் புறக்கணிக்கப்படுகிறது. சோதனையில் தோற்ற நிரலைத் தானே திருத்தக்கூடிய சோதனையாளர், சில வேளை சோதனையையே திருத்திவிடும். மேலும், நிரல் எழுதிய உதவியாளரின் விளக்கங்கள் சோதிப்பதன் சூழல் நினைவில் நுழையாதிருத்தல் நன்று. விளக்கத்தை முன்னரே படித்தது அதன் வழியே நிரலைப் படிக்கும். அடங்கலை வயலோடு ஒப்பிடாமல் அடங்கலோடே ஒப்பிடுவது போன்றது இது.

அனுமதியை வரையறுக்காத ஒப்படைப்புக்கு 2025 சூலை நிகழ்வு ஒன்று சான்று. ரெப்ளிட் நிறுவனத்தின் நிரலாக்க உதவியாளர், மாற்றம் எதுவும் செய்யலாகாது என்னும் கட்டளை இருந்தும், பயனர் ஒருவரின் நடப்புத் தரவுத்தளத்தை அழித்தது. நிறுவனத் தலைவர் வருத்தம் தெரிவித்து, உருவாக்கச் சூழலின் தரவுத்தளத்தையும் நடப்புத் தரவுத்தளத்தையும் பிரிக்கும் ஏற்பாட்டை அறிவித்தார். சொல்லால் விதித்த தடை வேறு. அனுமதியே இல்லாமை வேறு. 1802இன் ஒழுங்குமுறையும் கர்ணத்தை நேர்மையாக இருக்குமாறு கூறியதோடு நிற்கவில்லை.

ஏட்டைப் படிக்கத் தெரிந்தவர்

ஆயினும் கர்ண முறையைப் போற்றிப் பாடுவதற்கில்லை. பதவி பரம்பரையாயிற்று; குறிப்பிட்ட சாதிகளின் கையில் தங்கிற்று. நிலத்தின் வரலாறு ஒரு குடும்பத்தின் ஏட்டிலும் நினைவிலும் அடங்கியபோது, எழுதப் படிக்கத் தெரியாத உழவர் தம் நிலம் தம்முடையது என்பதற்கே கணக்குப்பிள்ளையைச் சார்ந்து நின்றார். பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகளைத் தமிழக அரசு 1980 நவம்பரில் அவசரச் சட்டத்தால் ஒழித்தது. உச்ச நீதிமன்றம் 1982இல் அதனை ஏற்றது. கிராம நிர்வாக அலுவலர்கள் அவ்விடத்துக்கு வந்தனர். திண்டுக்கல் தனி மாவட்டமானது இதற்குப் பின், 1985இல்.

இச்சார்பு நிலையே மென்பொருள் ஒப்படைப்பின் பெரிய இடர் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. உதவியாளர் எழுதிய பல்லாயிரம் வரிகளை நிறுவனத்தில் ஒருவரும் படித்திராதபோது, அடுத்த திருத்தத்துக்கும் அதே உதவியாளரை நாட வேண்டியதாகும். ஒப்படைத்தவரால் படித்து முடிக்கத்தக்க அளவினவாய் மாற்றங்களைச் சிறுசிறு கூறுகளாகக் கேட்பது இதற்கு ஒரு வழி, வேகம் குறையும். பதிவேட்டை உதவியாளரின் உரையாடலில் விடாது, களஞ்சியத்திலேயே எளிய மொழியில் எழுதச் செய்வது மற்றொன்று.

கர்ணத்தை நீதிமன்றம் அழைத்து வினவ முடிந்தது. தவறினால் பதவி நீக்க முடிந்தது. உதவியாளரை அவ்வாறு கூண்டில் ஏற்ற இயலாது. நூற்பாலையில் ஒரு தொழிலாளியின் மிகைநேர ஊதியம் குறைந்திருந்தால் அவர் சென்று கேட்பது, அம்மாற்றத்துக்கு ஒப்புதல் அளித்துக் கையொப்பமிட்ட மனிதரைத்தான்.