கை மாறும் கயிறு

எங்கள் கோவில்பட்டிக் கரிசலில் நான் பார்த்த மாட்டுவண்டிப் பந்தயங்களில் எல்லாம் சாரதி ஆண்தான். பருத்திக்கொட்டை ஆட்டி ஊற்றி மாட்டைத் தேற்றிய பெண்ணின் பெயர் ஒலிபெருக்கியில் வந்ததில்லை. அதனால்தான் ரூபா சிங்கின் வரலாறு என்னை உலுக்கியது. சென்னைக்காரர், இந்தியாவின் முதல் தொழில்முறைப் பெண் ஜாக்கி, 700க்கும் மேற்பட்ட வெற்றிகள்.

அமெரிக்காவில் கேத்தி குஸ்னர் நீதிமன்றப் படியேறித்தான் 1968இல் ஜாக்கி உரிமம் பெற்றார். இங்கே 1996இல் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் சூதல்ல, திறமை என்றது. அந்தத் திறமை எங்கிருந்து வருகிறது? ரூபாவின் தந்தை குதிரைப் பயிற்சியாளர். லாயம் பழகிய இடம். கரிசல் பெண்ணுக்கும் தொழுவம் பழகிய இடம்தான். அவள் குரலுக்கு மாடு திரும்பும். பந்தயத்தன்று மட்டும் கயிறு கை மாறிவிடுகிறது.